குப்புராஜுக்கு நூற்றுக்கு நூறு

லாரி ஓட்ட வந்த இருபத்தேழு வருஷத்தில் குப்புராஜ் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை. டீக்கடையில் புது ஆள் யாராவது அகப்பட்டால் டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். சொந்த வீடு இல்லை, காணி நிலம் இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு மனுஷனுக்கு வேறு என்னதான் இருக்கிறது? வண்டலூரை ஒட்டிய ஒரு குடோனில் அவருக்கு வேலை. காலையில் அங்கே சோப்பும் பிஸ்கட்டும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று கடைகளில் இறக்கிக்கொண்டே வந்து, பம்மலில் கடைசிப் பெட்டியை இறக்குவார். வீடும் பம்மலில்தான்.

“நம்ம வண்டிக்கு ரத்த வாசனையே தெரியாது மச்சான்,” என்பார். “எவனை வேணா கேட்டுப் பாரு.”

கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் காகிதத்தில் சான்று எதுவும் கிடையாது. நான் யாரையும் கொல்லவில்லை என்பதற்கு எந்த ஆபீசில் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள்? இந்தப் பெருங்குறையைத் தீர்த்துவைக்கத்தான் மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல், மூன்றாவது மாடியில், சாலை ஒழுக்க மதிப்பீட்டு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள்.

மையத்தின் ஏற்பாடு மிகவும் எளிமையானது. லாரிக்கு லாரி கேபினுக்குள் ஒரு கேமரா. ஒரு கண்ணால் டிரைவரைப் பார்க்கும், மறு கண்ணால் ரோட்டைப் பார்க்கும். தினமும் காலையில் டிரைவருக்கு நூறு மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நாள் முழுக்கப் பிடுங்குவார்கள். போன் பேசினால் ஐந்து, தலையைத் திருப்பினால் மூன்று, காரணமில்லாமல் வேகம் குறைத்தால் ஐந்து, திடீர் பிரேக் போட்டால் பத்து. மாதக் கடைசியில் சராசரி எடுத்து, நாற்பதுக்குக் கீழே போனவர்களின் பெயரைச் சிவப்புப் பட்டியலில் ஏற்றுவார்கள். அதில் ஏறியவனை எந்த குடோன் வாட்ச்மேனும் கேட்டுக்குள் விடமாட்டான். லாரியைத் தவிர வேறொன்றும் தெரியாத ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அதன் பொருள் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவை மதிப்பெண்ணைப் பிடுங்கும்போதும் அந்தக் கேமரா ஒரு பெண் குரலில், மேடைத் தமிழில், குற்றத்தைச் சொல்லும். டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். குப்புராஜின் மாமியார் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை, “ஓட்டுநரே, கைப்பேசியைத் தவிர்க்கவும்,” என்றாள். ரயில்வே ஸ்டேஷனில் சொல்வார்களே, அந்த மாதிரி ஊருக்குப் பொதுவான புத்திமதி என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய பட்டன் போன் வண்டி ஓடும்போது சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கும்.

முதல் மாதம் முடிந்ததும் குடோன் மேனேஜர் ஜெபின் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். நல்ல பையன், நாகர்கோவில் பக்கம். உட்காரச் சொன்னதிலேயே விஷயம் நல்லதில்லை என்று குப்புராஜுக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணா, நாப்பத்தொண்ணு வாங்கியிருக்கீங்க. இன்னும் ரெண்டு கொறஞ்சா சிவப்பு. ஒரு நாளைக்குப் பதினோரு தடவ போன் பேசுறீங்களாமே.”

“நானா? என் பொண்டாட்டி கனகவல்லிய கேளு தம்பி. வூடு பத்திகினு எரிஞ்சாக்கூட வண்டி நின்னப்புறம்தான் அவளுக்குப் பதில் வரும்.”

ஜெபின் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். பதினோரு படங்கள். பதினொன்றிலும் குப்புராஜின் வலது கை கன்னத்தருகே இருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. குப்புராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் தெளிந்தது.

“இது அரசமரத்துப் புள்ளையாரு. இது பெருங்களத்தூர் மாதா கோயிலு. இது இரும்புலியூர் முனீஸ்வரன், பின்னால சுருட்டுக் கடை தெரியுது பாரு. இது தர்கா. இது குரோம்பேட்டை ஆஞ்சநேயரு. கடைசியா கீதே, அது நம்ம பம்மல் எல்லையம்மன்.”

விஷயம் அவ்வளவுதான். வழியில் ஒரு கோயில் வந்தால் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “காப்பாத்துப்பா,” என்று சொல்லாத லாரிக்காரன் இந்தப் பக்கத்தில் உண்டா? குப்புராஜ் மாதாவையும் தர்காவையும்கூட விட்டுவைத்ததில்லை. ரோட்டில் பிழைக்கிறவன் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி. கேமராவுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. கை காதுக்குப் பக்கத்தில் போய் வாய் அசைந்தால் அதன் அகராதியில் போன்.

“இதப் போய் அங்க சொல்லிட்டு வந்துடுங்கண்ணா. நோட்டீஸ்ல வண்டியோட நேர்ல வரச் சொல்லியிருக்கு,” என்றான் ஜெபின்.

வண்டியோடு போனார். மையம் இருந்த தெருவில் பகலில் லாரி நுழையக் கூடாது என்று மையமே ஒரு பலகை வைத்திருந்தது. “தடை செய்யப்பட்ட தெரு,” என்று சொல்லி மாமியார் ஐந்தைப் பிடுங்கினாள். அதை மேலே போய்ச் சொன்னபோது, அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும், அதற்கும் வண்டியோடுதான் வரவேண்டும் என்றார்கள்.

மதிப்பீட்டு அதிகாரியின் பெயர் பத்ரிநாராயணன். நன்றாகப் படித்தவர், கோபமே வராதவர். நாற்காலியில் உட்காருமுன் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த சாமி படத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் குப்புராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அதே தான் சார். இப்ப நீங்க பண்ணீங்களே, அதேதான் நானும் பண்ணேன்.”

“நான் பண்ணினது பக்தி, குப்புராஜ். சிஸ்டம்ல வந்திருக்கிறது வயலேஷன். ரெண்டையும் கன்ஃப்யூஸ் பண்ணிக்கக் கூடாது,” என்றார் பத்ரிநாராயணன். “சிஸ்டத்துக்கு ஜாதி கிடையாது, மதம் கிடையாது, ஏழை பணக்காரன் கிடையாது. அது எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்படும். அதுதான் அதோட அழகு.”

“நான் போன் பேசல சார்.”

“நம்பறேன். நான் பர்சனலா நம்பறேன். ஆனா நான் நம்பறதுக்கு இங்க கட்டம் இல்ல. நீங்க ரெண்டு டாக்குமெண்ட் கொண்டு வாங்க. ஒண்ணு, நீங்க பேசாத கால்களோட லிஸ்ட், போன் கம்பெனிலேர்ந்து. இன்னொண்ணு, அந்தந்தக் கோயில்லேர்ந்து ஒரு லெட்டர். நீங்க கும்பிட்ட நேரத்துல சாமி உள்ளதான் இருந்தார்னு.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். இங்கே சாமியே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேசாத கால்களின் பட்டியலைக் கேட்டபோது போன் கடைக்காரப் பெண் குப்புராஜை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அண்ணா, வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா?” என்று அன்பாகக் கேட்டாள். பதினோரு கோயில்களில் பத்து அவரை வாசலோடு அனுப்பிவிட்டன. பதினொன்றாவதில்தான் கடிதம் கிடைத்தது.

பம்மல் எல்லையம்மன் கோயில் என்பது ரோட்டோரத்தில் நாலடிக்கு நாலடி ஒரு மேடை, மேலே ஒரு தகரக் கூரை. தர்மகர்த்தா, குருக்கள் என்று யாரும் கிடையாது. வாசலில் பூ விற்கும் காந்திமதிதான் காலையில் தண்ணீர் தெளித்து விளக்கேற்றுவாள். குப்புராஜுக்கும் அவளுக்கும் பத்து வருஷமாக ஒரு வழக்கம். லாரி கோயிலை நெருங்கும்போது நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். காந்திமதி ரோட்டில் இறங்கி வந்து, இடது பக்க ஜன்னல் வழியாக ஒரு முழம் பூவை சீட்டின் மேல் போடுவாள். குப்புராஜ் அம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். சனிக்கிழமையன்று வாரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார். மழை பெய்தாலும் இது தவறியதில்லை.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காந்திமதி சிரிக்கவில்லை. “அம்மா உள்ள இல்லாம பின்ன எங்க போவும்? குடுண்ணா, நான் எழுதித் தரேன்,” என்று காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கொட்டை கொட்டையாக எழுதினாள். எல்லையம்மன் எப்பவும் உள்ளதான் கீது. எங்கயும் போறதில்ல. இப்படிக்கு காந்திமதி, பூக்காரி.

பத்ரிநாராயணன் அதை இரண்டு தடவை படித்தார். “எப்பவும்னு ஜெனரலா எழுதியிருக்காங்க. தேதிவாரியா வேணும். சீலும் இல்ல,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பதிலாக ஒருநாள் ஒழுக்கப் பயிற்சிக்கு வந்தால் பழைய மதிப்பெண்ணைக் கருணையோடு பார்ப்பதாகவும் சொன்னார்.

பயிற்சி குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பாடம் எடுத்த மாளவிகாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். லாரியில் ஏறியதில்லை, ஆனால் அது பற்றி நூற்றுப்பத்து ஸ்லைடு வைத்திருந்தாள். மரியாதையான பெண், எல்லோரையும் சார் என்றே கூப்பிட்டாள். மேஜை மேல் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீரை ஊற்றி வைத்தாள்.

“சார், உங்க டேஷ்போர்டுல இந்த டம்ளர் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒரு சொட்டு சிந்தாம நிறுத்தறதுதான் சேஃப்டி. திடீர் பிரேக் போட்டா டம்ளர் கவிழுது. கவிழ்ந்தா என்ன அர்த்தம்? டிரைவர் முன்னாடியே கவனிக்கலைன்னு அர்த்தம்.”

குப்புராஜ் எழுந்து நின்றார். “குறுக்க ஒரு கொழந்த ஓடியாந்தா இன்னாம்மா பண்றது?”

“நல்ல டிரைவருக்கு முன்னாடி குழந்தை ஓடி வர்றதில்ல சார். எங்க டேட்டா அப்படித்தான் சொல்லுது.”

“வந்துடுச்சுன்னு வெச்சுக்க.”

மாளவிகா சற்று யோசித்தாள். “அது ஆக்சிடெண்ட் சார். ஆக்சிடெண்ட் எங்க செக்‌ஷன்ல வராது. நாங்க சேஃப்டி மட்டும்தான் பாக்கறோம்.”

சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு சமோசாவும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் கொடுத்து அனுப்பினார்கள். டம்ளரின் மேல் மையத்தின் சின்னம் அச்சடித்திருந்தது.

அன்றிரவு வீட்டில் குப்புராஜ் சாமி படத்துக்கு முன்னால் நின்று பதினோரு பேரிடமும் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து வண்டியில் ஏறினால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், பார்வை நேரே. பிள்ளையார் வந்தார், போனார். மாதா வந்தாள், போனாள். ஆஞ்சநேயரைக் கடக்கும்போது மட்டும் வலது கை தானாக ஒரு அங்குலம் எழும்பியது. அடக்கினார். பம்மலில் எல்லையம்மன் கோயில் வந்தது. வேகம் குறைத்தால் ஐந்து, தலையைத் திருப்பினால் மூன்று. கழுத்தை விறைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தார். ஓரக்கண்ணில், பூவோடு ஒரு கை நீட்டியபடி நின்றது தெரிந்தது.

அன்றைக்கே போய்க் காந்திமதியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் மதிப்பெண்ணுக்காக அம்மனைப் பார்க்காமல் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷத்தில் குப்புராஜ் செய்த முதல் தப்பு இதுதான். இதை எந்தக் கேமராவும் படம் பிடிக்கவில்லை.

மதிப்பெண் ஏறியது. அறுபத்தெட்டு, எண்பத்தைந்து, தொண்ணூற்றேழு. ஜெபின் குடோன் பலகையில் அவர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தான். ஒருநாள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பழைய குப்புராஜ் என்றால் கால் பிரேக்கில் இருந்திருக்கும், எப்படி அங்கே போனதென்று அவருக்கே தெரிந்திருக்காது. இப்போது கால் போகிற வழியில் ஒரு கணம் நின்று, பத்து மதிப்பெண்ணை நினைத்துவிட்டு, அப்புறம் மெல்ல அழுத்தியது. நாய் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அவருடைய கால் யோசிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்று அரை நாள்தான் லோடு. அந்த மாதம் முழுக்க அவர் நூற்றுக்கு நூறு, அன்றைய நாளும் நூறாக முடிந்தால் மண்டலத்தின் சிறந்த ஓட்டுநர் என்று மேடையேற்றுவார்கள் என்று ஜெபின் சொல்லி அனுப்பினான். குடோனில் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை எடுத்தார். பழத்தின் மேல் சக்கரம் ஏறியதை மாமியார் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டாள்.

காந்திமதி அன்று விடியற்காலையிலேயே எழுந்து லாரியின் முகப்புக்கென்று ஒரு சாமந்தி மாலை கட்டி வைத்திருந்தாள். கடிதம் செல்லாமல் போனதில் அண்ணனுக்குத் தன் மேல் வருத்தம், அதனால்தான் நிற்காமல் போகிறார் என்று அவள் எண்ணியிருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக எந்த லாரிக்காரன் மாலையை வேண்டாமென்று போவான்? தூரத்தில் வண்டியைக் கண்டதும் இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

குப்புராஜ் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், போதுமான தூரத்தில் பார்த்தார். இதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. கால் பிரேக்குக்குப் போனது. போகிற வழியில் யோசித்தது. ஒரு விநாடிகூட இருக்காது. பிறகு, கற்றுக்கொடுத்தபடியே, டம்ளர் தண்ணீர் தளும்பாதபடி மெல்ல அழுத்தியது. வண்டி அழகாக, ஒரு குலுங்கலும் இல்லாமல் போய் நின்றது. நிற்கும்போது இடது முன்சக்கரம் காந்திமதியின் காலின் மேல் இருந்தது.

“சீரான நிறுத்தம். வாழ்த்துகள்,” என்றாள் மாமியார்.

பெரியாஸ்பத்திரியில் காந்திமதிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் குப்புராஜை உள்ளே விட்டார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தே வந்திருந்தார். அவள் திட்டவில்லை.

“நீ ஸ்லோ பண்ணுவேன்னு நெனச்சேண்ணா. எப்பவும் பண்ணுவியே,” என்றாள்.

அதற்குத் திட்டே தேவலை. குப்புராஜ் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இருபத்தேழு வருஷம் கட்டிக் காத்தது ஒரு சாமந்தி மாலையோடு போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் துக்கம். நான்காம் நாள் மையத்திலிருந்து ஒரு ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து காந்திமதியிடம் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் கையில் ஊசி குத்தியிருந்தது. நூறு மதிப்பெண் பெற்ற வாகனத்தின் பாதையில் மாலையுடன் இடையூறு செய்ததற்கான அபராத நோட்டீஸ் அது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அந்தக் கதை. விசாரணைக்கு வந்தவர்கள் மையத்தின் அறிக்கையை வாங்கிப் பார்த்தார்கள். ஓட்டுநர் தரப்பில் தவறு: இல்லை. கவனச் சிதறல்: இல்லை. கடைசி நிறுத்தம்: சீரானது. அப்படியானால் தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அவளுக்கு வரவேண்டிய நஷ்டஈடும் அந்தக் காகிதத்தோடு போயிற்று.

குப்புராஜ் மறுபடியும் மூன்று மாடி ஏறினார்.

“சார், தப்பு என்னுது. நான் பாத்தேன். பாத்துட்டு லேட்டாதான் பிரேக் போட்டேன். அத என் ரெக்கார்டுல எழுதிடுங்க சார்.”

பத்ரிநாராயணன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். உண்மையிலேயே பொறுமையான மனிதர், மூன்று நிமிஷம் தேடினார். “ஹார்ஷ் பிரேக் இல்ல. தலை திரும்பல. போன் இல்ல. எதை எழுதறது குப்புராஜ்?”

“ஒரு பொம்பளயோட காலு போச்சு சார்.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லையே.”

“ஆயிரம் மார்க் வேணா கழிச்சுக்கங்க. சிவப்புல வேணா போட்டுடுங்க. நான் இனிமே வண்டி ஓட்டலன்னாலும் பரவால்ல. அந்தப் பொண்ணு மேல பழி வேணாம் சார்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க சொல்ற மாதிரி டிரைவர் வந்து சொன்னார்னு நான் எழுதினா, நூறு மார்க் வாங்கினவர் தப்பு பண்ணியிருக்கார்னு ஆகும். அப்போ நூறுக்கு என்ன மரியாதை? நாளைக்கு நாப்பது வாங்கினவன் வந்து, நான் நல்ல டிரைவர்னு சொல்லுவான். எங்க போய் நிக்கும் இது?”

“தப்பு பண்ணலன்னு சொல்ல வந்தப்போ அத்தினி காயிதம் கேட்டீங்க. தப்பு பண்ணேன்னு சொல்ல ஒரு காயிதம்கூட இல்லியா சார்?”

பத்ரிநாராயணன் யோசித்தார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல,” என்று நேர்மையாகச் சொன்னார். பிறகு சிறந்த ஓட்டுநர் விருது விழாவின் அழைப்பிதழை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

விழா அதே கல்யாண மண்டபத்தில் நடந்தது. குப்புராஜ் போகக் கூடாது என்றுதான் இருந்தார். மேடையில் மைக் இருக்கும், நாலு பேர் முன்னால் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தில் கடைசியில் போனார். பத்ரிநாராயணன் பேசினார்.

“இந்த மண்டலத்துல சிவப்புப் பட்டியல் பாதியா குறைஞ்சிருக்கு. திடீர் பிரேக் எழுபது பர்சென்ட் குறைஞ்சிருக்கு. ஆக்சிடெண்ட் கொஞ்சம் கூடியிருக்குன்னு சிலபேர் சொல்றாங்க. அது ரோட்டுல நடக்கற விஷயம். நம்ம கையில இருக்கிறது ரெக்கார்டு. ரெக்கார்டைப் பொறுத்தவரைக்கும் இவ்வளவு பாதுகாப்பான வருஷம் இருந்ததே இல்ல.”

பிறகு மாளவிகா ஒரு வீடியோவைத் திரையில் ஓட்டினாள். சீரான நிறுத்தத்துக்கு உதாரணம் என்றாள். பம்மல் ரோடு தெரிந்தது, தகரக் கூரை தெரிந்தது, மாலையோடு ஒரு பெண் இறங்குவது தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே நடப்பது கேமராவுக்குத் தெரியாது. அவள் வண்டியின் முகப்புக்குக் கீழே மறைந்ததும் படம் நின்றது, பக்கத்தில் நூறு என்று பச்சை எழுத்து மின்னியது. எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தபோது குப்புராஜ் சொன்னார்: “இது நான் பண்ண தப்பு. எனக்கு இந்த மரியாத வேணாம்.” எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மறுபடி கை தட்டினார்கள்.

மறுநாள் காலை குப்புராஜ் வழக்கம்போல் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூஜைக்கு அப்புறம் அவர் வண்டி எடுத்தது அன்றுதான், எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். பம்மல் எல்லையம்மன் கோயிலுக்குப் பத்தடி முன்னால் லாரியை நிறுத்தினார். வாசலில் பூக்கூடை இல்லை, விளக்கும் ஏற்றவில்லை. காந்திமதி விழுந்த இடத்தில், ரத்தத்தை மூட, ரோட்டில் மணல் கொட்டியிருந்தது. மணலுக்கு வெளியே ஒன்றிரண்டு சாமந்தி இதழ்கள் தாரோடு தாராக ஒட்டிக் கிடந்தன.

கேமராவை நேராகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு போனுக்கு ஐந்து. இருபது தடவை போட்டுக்கொண்டால் நூறும் போய்விடும். அதற்குப் பிறகு எவனாலும் இந்த ரெக்கார்டைக் காட்டிக் காந்திமதியைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போட்டார். மெதுவாக அல்ல, ஓங்கியே போட்டார். இருபது முடிந்தபோது இரண்டு கன்னமும் எரிந்தது.

“வாகனம் நின்ற நிலையில் உள்ளது,” என்றாள் மாமியார். “விதிமீறல் இல்லை.”

வண்டி ஓடினால்தான் குற்றம். ஓட்ட வேண்டுமென்றால் மணலின் மேல்தான் ஓட்ட வேண்டும். குப்புராஜ் கிளட்சை மிதித்தார், கியர் போட்டார். கால் ஆக்சிலேட்டர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் ஒரு பஸ். எவனோ எட்டிப் பார்த்து, “யோவ் பெர்சு, இன்னா பேஜார் பண்ற, வண்டிய எடு,” என்று கத்தினான். குப்புராஜ் கியரை எடுத்துவிட்டார்.

“ஓட்டுநரே, வாழ்த்துகள். தற்போதைய மதிப்பெண் நூறு,” என்றாள் மாமியார்.

குப்புராஜ் கையை உயர்த்தி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.